இழுப்பது வேறு, தாங்குவது வேறு

விடுமுறைக் காலத்து அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஒரு காட்சி: நடுத்தரப் பிக்கப் வண்டி முன்னே ஓட, படுக்கையும் அடுப்பும் அமைந்த சிறு டிரெய்லர் பின்னே தொடர்கிறது. காண இனிய காட்சிதான். அதில் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது?

விளம்பரத்தில்! 2024-ஆம் ஆண்டு டொயோட்டா டக்கோமா 6,500 பவுண்டு வரை இழுக்கும் என்று அறிவித்தார்கள். "நம் டிரெய்லர் 5,000 பவுண்டுதானே!" என்று வாங்குபவர் மகிழ்கிறார். இழுக்கும் எடை ஒன்று, முதுகில் தாங்கும் எடை மற்றொன்று என்பதை மறந்துவிடுகிறார்.

டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு இணைப்புக் கொண்டியை அழுத்த வேண்டும். 5,000 பவுண்டுக்கு அது 600 பவுண்டு என்று கொள்வோம். ஓட்டுநர் கதவருகே ஒட்டிய சீட்டு, வண்டி 1,200 பவுண்டு தாங்கும் என்கிறது, மீதி 600. நால்வர் ஏறி அமர்ந்தாலே அது தீர்ந்துவிடும். அளவு மிஞ்சினால் பின்னச்சு தாழும். முன்சக்கரங்களின் பிடி தளரும். திருப்பவும் நிறுத்தவும் வண்டி தடுமாறும்.

பெட்டிகளை டிரெய்லரின் பின்கோடியில் அடுக்கினால் என்ன? மாட்டுவண்டி கண்ட நமக்குத் தெரியாதா பின்பாரம் செய்யும் கேடு? கொண்டியின் மேல் அழுத்தம் குறைந்ததும் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். வேகத்தில் முன்வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடக்கூடும்.

ஆகவே, இழுக்கும் எண்ணை எவ்வளவு பெரிதாக அச்சிடுகிறார்களோ, தாங்கும் எண்ணையும் அவ்வளவு பெரிதாக அச்சிட வேண்டும். அதுவரை, வாங்குபவர் விளம்பரத்தை மூடிவிட்டு வண்டியின் கதவைத் திறந்து பார்க்கட்டும்!