இருபத்திரண்டும் ஆட வேண்டுமா?

வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டால் ஆரணியில் சொந்தபந்தம் சொல்வது ஒன்றுதான்: "இனி எங்கேயும் அலையாதீங்க." அலையத்தான் வேண்டாம். போகலாம் என்பது என் கட்சி.

தை மாதம் மனைவியோடு நான்கு நாள் ராமேஸ்வரம் தீவில் இருந்தேன். மழை ஓய்ந்து, வெயில் ஏறாத காலம். பல வருஷம் தறியில் உட்கார்ந்தவளுக்கு இப்போது இடது கால் இழுக்கிறது. கோயிலில் 22 தீர்த்தமும் ஆட ஈரக் கல்தரையில் நடக்க வேண்டும்; அது ஆகாது, விட்டுவிட்டோம். ஆயிரத்துக்கு மேல் தூண்கள் உள்ள மூன்றாம் பிரகாரத்தில் பத்துத் தூண் நடை, பிறகு உட்காருதல். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை இப்போது தார்ச்சாலை. பெண்கடல், ஆண்கடல் இரண்டையும் காரில் இருந்தபடியே பார்த்தாள்.

நோயாளியைவிட, கூடப் போகிறவர்தான் அதிகம் மாற வேண்டும். நடையைக் குறைப்பது சுலபம். வாயைக் கட்டுவதுதான் கஷ்டம். "உனக்காகத்தான் இதையெல்லாம் விட்டேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். அடுத்த தடவை, "நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்பாள். தீர்த்தங்கள் விட்டுப்போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பதிலுக்குத்தான் பயப்படுகிறேன்.