பிஸ்டனுக்கு முன் அளவுகோல்

ஏறாவூர் போன்ற ஊர்களில் எஞ்சினைப் பிரித்துப் புதுப் பிஸ்டன் போடுவது பொழுதுபோக்கல்ல. பல குடும்பங்களுக்கு அது பிழைப்பு. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நாட்டைச் சுமந்தவை பழைய எஞ்சின்களே. வரியோடு சேர்ந்த புது வாகன விலை எட்டாத உயரத்தில் இருப்பதால், இன்றும் பலருக்கு அவையே கதி.

இந்தத் தேவையோடு இப்போது ஓர் ஆசையும் சேர்ந்திருக்கிறது. பழைய ஜப்பானியக் காருக்கு “ரேசிங் பிஸ்டன்” போட்டால் அது பறக்கும் என்று நம்பும் இளைஞர்களை மட்டக்களப்புப் பக்கம் அடிக்கடி காண்கிறேன். ஆசையைக் குறை கூற நான் வரவில்லை. 1913இல் பிரெஞ்சுக் கார்த் தொழிற்சாலை ஒன்றில் மேசைமேல் கிடந்த சிறு அலுமினியக் காகிதப் பாரத்தைக் கண்டுதான், பிஸ்டனையும் அந்த உலோகத்தில் செய்தால் என்ன என்று டபிள்யூ. ஓ. பென்ட்லி எண்ணினார். அவருடைய பந்தயக் கார்களின் வெற்றிக்கு வழிவகுத்த அந்த எண்ணம், முதலாம் உலகப் போரில் விமான எஞ்சின்களுக்குள்ளும் புகுந்தது.

ஆனால் பிஸ்டனின் வேலை எத்தகையது? நிமிடத்துக்கு 6000 சுழற்சியில் ஒவ்வொரு பிஸ்டனும் விநாடிக்கு 200 தடவை நின்று திரும்புகிறது. அதற்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே விடப்படும் இடைவெளியோ ஏறத்தாழ ஒரு தலைமயிரின் தடிப்பு. அடித்துச் செய்யப்படும் பந்தயப் பிஸ்டன்களில் இரு கலப்புலோகங்கள் பெயர்பெற்றவை. 4032 என்பதில் சுமார் 12 வீதம் சிலிக்கன் உண்டு. சூட்டில் குறைவாகவே விரியும். 2618இல் சிலிக்கன் மிகச் சொற்பம். அடியைத் தாங்கும், ஆனால் அதிகம் விரியும். ஆகவே கூடுதல் இடைவெளி வேண்டும். குளிர்ந்த நிலையில் தட்டும் ஓசை கேட்கும். தினமும் ஆட்களை ஏற்றி இறக்கும் வானுக்கு இவை தேவையே இல்லை. தயாரிப்பாளர் விதித்த சாதாரண வார்ப்புப் பிஸ்டனே அதற்கு நீண்டநாள் உழைக்கும். மேற்புறம் குவிந்த பிஸ்டனைப் போட்டு அமுக்க விகிதத்தை உயர்த்திவிட்டு, 92 ஒக்டேன் பெற்றோலையே ஊற்றுவது பிஸ்டனைக் கொல்லும் வழி.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் புகழ்பெற்ற பெயர் அச்சிட்ட பெட்டியில் நான்கு பிஸ்டன்களை வாங்கி வந்தார். நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தபோது நான்கும் நான்கு எடை. ஒரே தொகுதிப் பிஸ்டன்கள் எடையில் ஒத்திருக்க வேண்டும் என்பது இத்தொழிலின் அரிச்சுவடி. விற்றவர் திருப்பியெடுக்க மறுத்தார். பற்றுச்சீட்டு இல்லை என்பதே அவருடைய வாதம்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும், வளைகுடாவிலுள்ள உறவினர் மூலம் தருவித்தாலும் விதி ஒன்றே. முதலில் சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், இரு திசைகளில் அளக்க வேண்டும். தேய்மானத்தைப் பார்த்து 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் பெரிய பிஸ்டனைத் தெரிவு செய்ய வேண்டும். பிஸ்டன் கைக்கு வந்து அதை மைக்ரோமீற்றரால் அளந்த பிறகே சிலிண்டரை இறுதி அளவுக்குக் கடைய வேண்டும். நம்மவர் பலர் கடைந்துவிட்டுப் பிஸ்டனைத் தேடுகிறார்கள். பொருந்தாதபோது கிடைத்ததைப் போட்டு மூடுகிறார்கள்.

ஏழைக்கு மலிவானதுதானே கைகூடும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பொய்ப் பிஸ்டன் உடையும்போது தான் மட்டும் உடைவதில்லை. சிலிண்டரையும் இழுத்துக்கொண்டு போகிறது. மிச்சம்பிடித்த பணத்தின் பன்மடங்கு அன்று செலவாகும். அளப்பதற்கோ செலவு சொற்பம்.

பொருளாதாரத் தடைக் காலமான 1990களில் யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்டின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்கள் நம் மெக்கானிக்குகள். அந்தக் கைத்திறன் நமக்குப் பெருமை. எனினும் இல்லாமைக்குத் தீர்வாக வந்த சமாளிப்பு, பொருள் கிடைக்கும் காலத்திலும் பழக்கமாகிவிடக் கூடாது. மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு எந்தச் சமாளிப்புக்கும் வளைந்து கொடுக்காது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், கேட்பவருக்குப் பற்றுச்சீட்டு கொடுக்க வணிகரைக் கட்டாயப்படுத்துகிறது. கேளுங்கள், உதிரிப்பாக இலக்கத்தையும் அதில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். அளக்காமல் பூட்டச் சொல்லும் வாடிக்கையாளரை மெக்கானிக்குகளும் திருப்பி அனுப்பட்டும். ஒரு நாள் கூலி போகலாம். தொழிலின் பெயர் நிலைக்கும்.