பீன்ஸ், அவரைத் தோட்டங்களில் ஊடுபயிரும் உரமும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

கொடைக்கானல் மலையில் பீன்ஸும், கீழே ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் அவரையும் பயிரிடும் உழவர்களின் சங்கம் இது. ஊடுபயிர்ச் சாகுபடியை ஆதரிக்கிறோம். ஆனால், ‘பயறுவகைச் செடி தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும், உரமே வேண்டாம்’ என்ற பரப்புரையை ஏற்கவில்லை. எந்தச் செடிக்கும் கணக்கில்லாமல் யூரியா போடுவதையும் ஏற்கவில்லை. உர அளவைப் பயிரும் மண்ணும்தான் தீர்மானிக்க வேண்டும்.

அவரையும் தட்டைப்பயறும் வேர்முடிச்சுகள் மூலம் காற்றிலுள்ள தழைச்சத்தை நன்றாகவே சேர்க்கும். பீன்ஸ் இதில் பின்தங்கிய பயிர். அடியுரத்தில் ஓரளவு தழைச்சத்து கொடுத்தே ஆக வேண்டும். அதே அளவை அவரைக்கும் போட்டால் முடிச்சு கட்டுவது குறையும். கொடி தழைக்கும், பூ குறையும், அசுவினி ஏறும்.

பூக்கும் தறுவாயில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி, வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. பச்சையாகவோ வெளிறியோ இருந்தால் செய்யவில்லை.

அவரைக்கு நடுவே போட்ட சின்ன வெங்காயத்துக்கு அந்தப் பருவத்திலேயே கிடைக்கும் தழைச்சத்து சொற்பம். அதனால் வெங்காயத்துக்கு உரிய மேலுரத்தை வெங்காய வரிசையில் மட்டும் இட வேண்டும். பறிப்பு முடிந்த செடியை வரப்பில் வீசாமல் மடக்கி உழுதால், அடுத்த பயிருக்குப் பலன் உண்டு.

அரசிடமும் வேளாண், தோட்டக்கலைத் துறைகளிடமும் நாங்கள் கேட்பவை:

1. மண் வள அட்டையில் தனிப்பயிருக்கு மட்டுமல்லாமல், ஊடுபயிர்ச் சேர்க்கைக்கும் உரப் பரிந்துரை வேண்டும்.

2. வேர்முடிச்சை உண்டாக்கும் ரைசோபியம் நுண்ணுயிரில் பீன்ஸுக்கு ஏற்றது வேறு, அவரைக்கு ஏற்றது வேறு. இரண்டும் காலாவதியாகாத பொட்டலங்களாக, விதைப்புக்கு முன்பே கிடைக்க வேண்டும்.

3. மலையின் அமில மண்ணில் இடும் மணிச்சத்தில் பெரும்பகுதி மண்ணிலேயே கட்டுண்டுவிடுகிறது. டிஏபி மூட்டையைக் கூட்டுவது இதற்குத் தீர்வல்ல. அமிலத்தன்மையைத் தணிக்க மண் பரிசோதனைப்படி இட, சுண்ணாம்பு மானிய விலையில் வேண்டும்.

4. யூரியா வாங்க வருபவர் தலையில் வேறு பொருளைக் கட்டும் விற்பனையைத் தடுக்க வேண்டும்.

எங்கள் பங்குக்கு, ரசாயன உரத்தை முற்றிலும் கைவிடுங்கள் என்று உறுப்பினர்களிடம் சொல்ல மாட்டோம். அவரைக்கு மேலுரமாக யூரியா போடுமுன் வேரைத் தோண்டிப் பார்க்கச் சொல்வோம்.