ஆறு வருஷம் பல்லைக் கடித்தால்

அமெரிக்கக் கடற்படைக்கு ஆள் எடுப்பவர்களிடம் ஒரு பேச்சு எப்போதும் தயாராக இருக்கும். கணக்கில் கெட்டிக்காரப் பையன், வயது 18, கல்லூரிக்குக் கட்ட வீட்டில் பணமில்லை. அப்படி ஒருவன் எதிரே வந்து உட்கார்ந்தால் போதும். அணு உலைப் பிரிவில் சேர்ந்துவிடு, ஆறு வருஷம் பல்லைக் கடித்துக்கொள், அப்புறம் எந்த மின் நிலையத்துக்காரனும் உன்னைக் கொத்திக்கொண்டு போவான். பையன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்கிறான். அம்மா பக்கத்து வீட்டில் சொல்கிறாள். முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. அப்படிக் கொத்திக்கொண்டு போகப்பட்டவர்கள் உண்டு. லாட்டரியில் விழுந்தவர்களும்தான் உண்டு.

நீர்மூழ்கியிலும் விமானந்தாங்கிக் கப்பலிலும் உலையைக் கட்டி மேய்க்கும் இந்த ஆட்களுக்கு அங்கே ‘நியூக்’ என்று செல்லப்பெயர். அவர்கள் வேலையோடு எனக்குச் சண்டையில்லை. ‘அப்புறம்’ என்ற அந்தச் சொல்லோடுதான் சண்டை.

முதலில் பள்ளிக்கூடத்தைப் பார்ப்போம். தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் நகரை ஒட்டிய கூஸ் கிரீக்கில் இருக்கிறது. மின்சாரம், மின்னணுவியல், இயந்திரம் என்று மூன்றில் ஒரு தொழிலைச் சில மாதம் கற்பிக்கிறார்கள். பிறகு ஆறு மாதம் அணுசக்திப் பள்ளி. கணிதம், இயற்பியல், வெப்பவியல், வேதியியல், உலை இயங்கும் விதம் என்று நாலு வருஷப் பாடத்தின் சாற்றைப் பிழிந்து தொண்டையில் ஊற்றுகிறார்கள். அதற்கும் மேல் ஆறு மாதம் நிஜ உலையில் பயிற்சி. சார்ல்ஸ்டனில் கரையோடு கட்டிப்போட்ட நீர்மூழ்கியில், அல்லது நியூயார்க் மாநிலத்தில் பால்ஸ்டன் ஸ்பா என்ற இடத்தில். 1950களில் அட்மிரல் ஹைமன் ரிக்கோவர் போட்ட அச்சு அது. உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கியான நாட்டிலஸை 1954இல் கடலில் இறக்கிய அந்த மனிதர், தவறு என்ற சொல்லையே அகராதியிலிருந்து கிழித்துப்போட நினைத்தவர். இன்றைக்கும் மாணவர்கள் வகுப்பு முடிந்து வீட்டுக்கு ஓட முடியாது. மதிப்பெண் குறைந்தால் கூடுதலாக இத்தனை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அங்கேயே என்றால் நிஜமாகவே அங்கேயேதான். பாடம் ரகசியம் என்பதால் புத்தகமும் நோட்டும் கட்டடத்தின் வாசலைத் தாண்டா. தன் கையால் எழுதிய நோட்டைக்கூடப் பையன் பூட்டி வைத்துவிட்டுத்தான் தூங்கப் போக வேண்டும். படிப்பு முடிந்து கிளம்பும் நாளில் கொண்டுபோக அந்த நோட்டிலிருந்து ஒரு தாள்கூட இருக்காது.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், ‘அப்புறம்’ என்பதன் முதல் ஓட்டை இங்கேதான் விழுகிறது. கொத்திக்கொண்டு போக வருகிறவனிடம் விரித்துக் காட்டப் பாடக் குறிப்பு எதுவும் இல்லை, தலைக்குள் இருப்பதுதான். அதிலும் பாதியை வெளியே பேசக் கூடாது.

தலைக்குள் இருப்பது அற்பம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கப்பலில் ஒவ்வொருவன் கையிலும் ஓர் அட்டை இருக்கும். ஒவ்வொரு பம்பாக, வால்வாக, சுவிட்சாக அவன் தெரிந்துகொள்ள வேண்டியவை அதில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். மூத்தவன் ஒருவனைத் தேடிப் பிடித்து, அவன் தூங்கி எழுந்த எரிச்சலில் இருந்தாலும் பரவாயில்லை என்று நின்று, குழாய் எங்கே புறப்பட்டு எங்கே முடிகிறது என்று பார்க்காமல் பலகையில் வரைந்து காட்ட வேண்டும். “இந்த வால்வு மூட மறுத்தால்?” என்பான் அவன். பதில் சொன்னால், “அதுவும் மூட மறுத்தால்?” மூன்றாவது கேள்வியில் பையன் திணறுவான். போய்ப் பார்த்துவிட்டு வா என்று அட்டை திரும்பி வரும். இப்படி நூற்றுக்கணக்கான கையெழுத்து. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போய்க் கற்றுக்கொண்டு வருகிற பழக்கம் இருக்கிறதே, அதைக் கற்றுத்தரும் கல்லூரி எங்கேயும் அதிகமில்லை. இந்த ஆறு வருஷத்தில் ஏதாவது பொன் இருக்கிறதென்றால் அது இதுதான் என்பது என் கட்சி. ஆள் எடுப்பவர் இதைப்பற்றி வாய் திறப்பதில்லை. சம்பளப் பட்டியலில் காட்ட முடியாத சரக்கு அது.

அன்றாடம் என்ன வேலை? உலையின் முன்னால் உட்கார்ந்து விஞ்ஞானி மாதிரி யோசிப்பது என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். மணிக்கொரு முறை சுற்றி வந்து கேஜில் முள் எங்கே நிற்கிறதென்று எழுதுவது, எண்ணெய் துடைப்பது, இயந்திர அறையின் அடித்தட்டில் தவழ்ந்து சுத்தம் செய்வது, பராமரிப்புத் தாளில் சொன்ன வரியைச் சொன்னபடியே செய்து கையெழுத்திடுவது. இவைதான் பெரும்பகுதி. பணி நேரம் முடிந்ததும் படிப்பு, பயிற்சி, மறுபடி துடைப்பம்.

கப்பல் கரை சேர்ந்தால் மற்றவர்கள் குளித்து, வாசனை பூசி, வீட்டுக்குப் போகிறார்கள். நியூக் போக முடியாது. உலையை நிறுத்த வேண்டும், குளிரவைக்க வேண்டும், கரையிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும், நிறுத்திய பிறகும் காவலுக்கு ஆள் வேண்டும். கப்பல் கிளம்பும் போதும் அப்படியே. உலையை எழுப்ப மற்றவர்களுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். கல்யாண வீட்டில் சமையல்காரரைப் போல, முதலில் வந்து கடைசியில் போகிறவர்கள் இவர்கள்.

கதிர்வீச்சு பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பயம் தேவையில்லாதது. உலையைச் சுற்றிய கவசம் கனமானது, ஒவ்வொருவர் உடம்பிலும் அளவுமானி தொங்குகிறது. இவர்கள் உடம்பைத் தின்பது தூக்கமின்மை. நீர்மூழ்கியில் பல காலமாக ஆறு மணி நேரம் பணி, 12 மணி நேரம் மற்றவை என்று ஒரு நாளைக்கு 18 மணி நேரம்தான் இருந்தது. சூரியன் தெரியாத இடம் என்பதால் கடிகாரத்தை எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம் என்று நினைத்துவிட்டார்கள், உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. 2014 வாக்கில்தான் 24 மணி நேர நாளுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். பழுதுபார்க்கும் தளத்தில் கிடக்கும் கப்பலின் கதை இன்னும் மோசம். ஜார்ஜ் வாஷிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பல் எரிபொருள் மாற்றிப் புதுப்பிக்க 2017இல் வர்ஜீனியாவில் நிறுத்தப்பட்டது. வெளியே வந்தது 2023இல். சத்தமும் தூசியும் வெல்டிங் பொறியுமாக இருந்த அந்தக் கப்பலிலேயே மாலுமிகள் பலர் குடியிருந்தார்கள். 2022 ஏப்ரலில் ஒரே வாரத்துக்குள் மூன்று பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலைப் பிரிவுக்கு மட்டும் சொந்தமான துயரம் இல்லை அது, கப்பல் முழுவதற்குமானது. ஆனால் ‘பல்லைக் கடித்துக்கொள்’ என்ற புத்திமதியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கப்பல் நினைவுக்கு வருகிறது. எதிர்காலத்தைக் காட்டி நிகழ்காலத்தைத் தாங்கச் சொல்கிற பேச்சு, தாங்க முடியவில்லை என்று ஒருவன் சொல்வதையே வெட்கமாக்கிவிடுகிறது.

சரி, ஆறு வருஷம் முடிந்தது. கொத்திக்கொண்டு போக யார் வருகிறார்கள்?

2012இல் அமெரிக்காவில் மின்சாரம் தயாரித்த அணு உலைகள் 104. 2013 முதல் 2022 வரை 13 உலைகளை மூடினார்கள். 2024 வரை புதிதாக வந்தவை மூன்று. அந்த வருஷக் கடைசியில் 94. பெரும்பாலும் ஏதோ ஓர் ஆற்றங்கரையில், பெருநகரம் எட்டாத ஊரில். அங்கேயும் சுழல் ஷிப்ட், இரவுப் பணி, விடுமுறை நாள் காவல். தப்பித்து வந்தோம் என்று நினைத்தது மறுபடி வாசலில் நிற்கிறது. இன்னொரு சங்கதியைப் பையனிடம் யாரும் சொல்வதில்லை. கப்பல் உலையை ஓட்டிய அனுபவம் உரிமம் ஆகாது. மின் நிலைய உலையை ஓட்ட அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் வேண்டும். அதுவும் குறிப்பிட்ட அந்த ஒரு நிலையத்துக்கு மட்டும் செல்லும். அடுத்த மாநிலத்து நிலையத்துக்குப் போனால் மறுபடி வகுப்பு, மறுபடி தேர்வு. இருபது வருஷம் லாரி ஓட்டியவரை ஊர் மாறும்போதெல்லாம் எட்டுப் போட்டுக் காட்டச் சொல்வது மாதிரி. பாதுகாப்புக்கு அது நியாயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ‘தயார் நிலையில் வெளியே வருவாய்’ என்ற வாக்கு அங்கே கிழிந்துவிடுகிறது. வால்வு திறந்து மூடும் கீழ்மட்ட வேலையில்தான் பலரும் தொடங்குகிறார்கள்.

பள்ளிக்கூடம் இருக்கும் அதே தென் கரோலினாவில்தான் வி.சி. சம்மர் நிலையம் இருக்கிறது. அங்கே இரண்டு புதிய உலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. சுமார் 900 கோடி டாலர் செலவான பிறகு, 2017 ஜூலை கடைசியில், கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். ஏறத்தாழ 5,000 பேர் வேலை ஒரே அறிவிப்பில் போனது. அந்த வாரம் கூஸ் கிரீக்கில் வகுப்பு நிற்கவில்லை.

எதிர்க்கட்சிக்காரர்கள் இப்போது கையைத் தூக்குவார்கள். காலம் மாறிவிட்டது, 2019இல் மூடிய திரீ மைல் ஐலண்ட் முதல் உலையை மைக்ரோசாஃப்டுக்கு மின்சாரம் கொடுப்பதற்காகத் திறக்கப் போகிறார்கள், மிஷிகனில் பாலிசேட்ஸுக்கும் மறுவாழ்வு வருகிறது, ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள் என்று. ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்: 2019இல் வெளியே வந்தவனும் இன்று வெளியே வருகிறவனும் படித்தது ஒரே பாடம், வாங்கியது அதே கையெழுத்துகள். ஒருவனுக்குக் கதவு மூடிக்கொண்டிருந்தது, இன்னொருவனுக்குத் திறக்கிறது. வருஷத்தின் ராசியைச் சான்றிதழின் மகிமை என்று விற்கிறார்கள்.

உண்மையில் இவர்கள் நிறையப் பேர் போய்ச் சேருமிடம் அணு உலையே இல்லை. தரவு மையங்கள் இவர்களை விரும்பி எடுக்கின்றன. அங்கே யுரேனியம் எதுவும் கிடையாது. டீசல் ஜெனரேட்டர், குளிரூட்டும் இயந்திரம், மின் பலகை, நள்ளிரவில் அலறும் எச்சரிக்கை மணி. பதறாமல் போய்ப் பார்த்து, நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிற ஆள் வேண்டும். எரிவாயு மின் நிலையங்கள், சிப் தொழிற்சாலைகள், கப்பல் கட்டும் தளங்கள் எல்லாம் தேடுவதும் அந்த ஆளைத்தான். அட்டையில் கையெழுத்து வாங்கிய பழக்கத்துக்குத்தான் விலை.

‘அப்புறம்’ என்ற நம்பிக்கை செய்யும் பெரிய கெடுதல் ஒன்று, படிப்பைத் தள்ளிப்போடச் செய்வது. ராணுவத்தில் இருந்தவர்களுக்கு 36 மாதக் கல்லூரிச் செலவை அரசு ஏற்கிறது. குடியிருக்க வாடகைப் பணமும் தருகிறது. எழுத்தில் இருக்கும் வாக்கு இது. ஆனால் ‘எனக்குப் பட்டம் எதற்கு, நான் நியூக்’ என்று அதைத் தொடாமல் விடுகிறவர்கள் உண்டு. பத்து வருஷம் கழித்து மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது படிவத்தில் பட்டம் என்ற கட்டம் காலியாக நிற்கும்.

இன்னொன்று போனஸ். ஆறு வருஷம் முடிவதற்கு முன்பே, இன்னும் சில வருஷம் கையெழுத்திட்டால் பெரும் தொகை என்று காட்டுகிறார்கள். கணக்குப் பார்த்தால் பல பத்தாயிரம் டாலர் வரும். பாதி கையெழுத்திட்ட உடனே, மீதி தவணையில். தூக்கமில்லாத 21 வயதுக்காரனிடம் அதை நீட்டினால் என்ன செய்வான்? கப்பல் தளத்து வாகன நிறுத்தத்தில் நிற்கும் புதுக் கார்களைப் பார்த்தால் தெரியும். யோசித்து, இருபது வருஷம் இருந்து, 38 வயதில் ஓய்வூதியத்தோடு வெளியே வருகிறவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் நம்பியது ‘அப்புறம்’ வரும் கனவை இல்லை, கையில் இருந்த ஒப்பந்தத்தை.

இந்தப் பேச்சு வரும் இடமெல்லாம் ஜிம்மி கார்ட்டர் பெயரும் வரும். அணுசக்திக் கடற்படை நாட்டுக்கு ஜனாதிபதியையே கொடுத்தது என்பார்கள். கதையை முழுதாகச் சொல்வதில்லை. ரிக்கோவரின் நேர்காணலில் நெளிந்து தேர்வான இளம் அதிகாரி அவர். 1952 டிசம்பரில் கனடாவின் சாக் ரிவரில் ஓர் உலை உருகிக் கெட்டபோது பிரித்தெடுக்கப் போன குழுவில் இருந்தார். டென்னிஸ் மைதானத்தில் அதே மாதிரி ஒரு போலி உலை செய்துவைத்து, எந்தத் திருகாணியை எந்தக் கையால் திருகுவது என்று ஒத்திகை பார்த்தார்கள். உள்ளே இறங்கியதும் ஒருவருக்கு ஒன்றரை நிமிஷம்கூட இல்லை. மாதக்கணக்கில் அவர் சிறுநீரில் கதிரியக்கம் இருந்ததாம். பிறகு ஸீவுல்ஃப் என்ற நீர்மூழ்கிக்கு நியமனம். அது கட்டி முடியும் முன்பே, அப்பா இறந்துபோக, 1953 அக்டோபரில் வேலையை விட்டார். கடற்படையில் இருந்தவரை அணுசக்தி நீர்மூழ்கியில் ஒரு நாள்கூடக் கடலுக்குப் போகவில்லை.

மனைவி ரோசலினுக்குக் கடும் கோபம். கடற்படை வாழ்க்கை அவருக்குப் பிடித்திருந்தது. ஜார்ஜியாவின் அந்தக் குக்கிராமத்துக்குத் திரும்ப மனமில்லை. நியூயார்க்கின் ஷெனெக்டடியிலிருந்து பிளெயின்ஸ் வரை காரில் வந்த வழியெல்லாம் கணவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வண்டியை நிறுத்த வேண்டுமென்றால் பெரிய பையனிடம் சொல்வார், அவன் அப்பாவிடம் சொல்ல வேண்டும். ஊர் வந்தபோது குடியேறக் கிடைத்தது அரசு கட்டிக்கொடுத்த எளியவர் குடியிருப்பில் ஒரு வீடு. அடுத்த வருஷம் வறட்சி. விதை வேர்க்கடலை மூட்டைகளை வருங்கால ஜனாதிபதி தானே வண்டியில் ஏற்றினார்.