நடைமேடையில் தாக்கப்பட்டவரின் மனு

2016 ஜூன் 24 காலை, வேலைக்குக் கிளம்பிய இளம்பெண் ஒருவர் நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த நிலையத்தில் அப்போது ஒரு கண்காணிப்பு கேமராகூட இல்லை. வெட்டியவரைத் தேடிய காவல்துறை அக்கம்பக்கத்துக் கட்டடங்களின் பதிவுகளைத்தான் அலச வேண்டியிருந்தது. ரயில் நிலையத்தில் தாக்கப்பட்டவருக்காக இழப்பீடு கேட்டு மனு எழுத உட்கார்ந்தால் நம் பேனா இன்றும் முதலில் கேமராவுக்குத்தான் போகிறது. எரியாத விளக்கு, ஆளில்லாத பாதுகாப்புப் படை அறை, யாரும் வந்துபோகும் பின்வழி என்று பத்திகள் நீள்கின்றன. கோபம் நியாயமானதே. ஆனால் மனு ரயில்வே கோரிக்கை தீர்ப்பாயத்துக்குப் போகிறது என்றால், அந்தப் பத்திகளில் பெரும்பாலானவை வீண்.

1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவு ரயில்வேயின் தவறு, கவனக்குறைவு எதையும் நிரூபிக்கச் சொல்லவில்லை. 1994 திருத்தத்தில் வந்த 123(சி) ‘அசம்பாவிதச் சம்பவம்’ என்பதற்குள் வன்முறைத் தாக்குதல், கொள்ளை, கலவரம் ஆகியவற்றைச் சேர்த்தது. ஓடும் ரயிலோடு நிற்காமல் காத்திருப்புக் கூடம், பொருள் வைப்பறை, டிக்கெட் கவுன்டர், நடைமேடை, நிலைய வளாகத்தின் வேறெந்த இடம் என்றும் பட்டியலிட்டது. தாக்கியவர் யாராக இருந்தாலும் சரி. ‘இது முன்பகை, நாங்கள் என்ன செய்ய முடியும்’ என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். தற்கொலை, தனக்குத்தானே விளைவித்த காயம், பாதிக்கப்பட்டவரின் சொந்தக் குற்றச்செயல், போதை அல்லது மனநிலைப் பிறழ்வில் செய்தது, இயற்கைக் காரணம் அல்லது நோய் ஆகியவைதான் சட்டம் சொல்லும் விலக்குகள். முன்பகை அதில் இல்லை.

வழக்கின் உயிர் கேமராவில் இல்லை, டிக்கெட்டில் இருக்கிறது. தாக்கப்பட்டவர் ‘பயணி’யாக இருக்க வேண்டும், பிளாட்பாரம் டிக்கெட் வைத்திருந்தவரும் பயணிதான் என்று 124ஏ பிரிவின் விளக்கமே சொல்கிறது. வழியனுப்ப வந்த அம்மா தாக்கப்பட்டால் அவருக்கும் உரிமை உண்டு. ரத்தம் தோய்ந்த உடைகளோடு டிக்கெட்டும் ஆஸ்பத்திரியில் தொலைந்துபோயிருக்கும். அதற்காகக் கட்சிக்காரரைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. டிக்கெட் கைவசம் இல்லை என்பதாலேயே கோரிக்கை விழாது, உண்மைகளைச் சொல்லி பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால் மறுத்து நிரூபிக்கும் பாரம் ரயில்வேக்குப் போய்விடும் என்று ரீனா தேவி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. சீசன் டிக்கெட்டோ செல்போன் செயலியில் எடுத்த டிக்கெட்டோ என்றால் வேலை இன்னும் சுலபம்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ரயிலிலிருந்து தள்ளிவிடப்பட்டவருக்கும் ‘தவறி விழுந்தார்’ என்ற பழைய படிவத்தையே எடுத்து நிரப்புகிறோம். 2025 பிப்ரவரியில் கோவை–திருப்பதி ரயிலின் பெண்கள் பெட்டியிலிருந்து கர்ப்பிணி ஒருவர் வெளியே தள்ளப்பட்டார், கரு கலைந்தது. அதுபோன்ற சம்பவம் வன்முறைத் தாக்குதல் என்ற உட்பிரிவில் நேராக உட்காரும். ‘தவறி விழுந்தார்’ என்று எழுதினால், படியில் நின்றாரா, கதவைத் திறந்தது யார் என்ற தேவையற்ற குறுக்கு விசாரணைக்கு நாமே இடம் கொடுக்கிறோம்.

கால வரம்பு ஓராண்டு. போதிய காரணம் காட்டினால் தாமதத்தைத் தீர்ப்பாயம் மன்னிக்கலாம். அதை நம்பி உட்கார்ந்திருப்பது சரியல்ல. தொகை விஷயத்தில்தான் இந்தச் சட்டம் குறுகிவிடுகிறது. 2017 முதல் உயிரிழப்புக்கு 8 லட்சம் ரூபாய். காயங்களுக்கான அட்டவணை கை, கால், கண், காது என்று உறுப்புக் கணக்கில் ஓடுகிறது. பாலியல் தாக்குதலுக்கு ஆளாகி, அதன்பின் ரயில் ஏறவே முடியாமல் வேலையை விட்டவரின் இழப்புக்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

அந்த இழப்புக்கு ரிட் மனுவைத்தான் நாட வேண்டும். அங்கேதான் பாதுகாப்புக் குறைபாட்டுப் பத்திகளுக்கு வேலை வருகிறது. 1998 பிப்ரவரியில் ஹவுரா நிலையத்தில் வந்திறங்கிய வங்கதேசப் பெண் ஒருவர், ரயில்வேக்குச் சொந்தமான யாத்ரி நிவாஸ் அறையில் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். சம்பந்தப்பட்டவர்களில் ரயில்வே ஊழியர்களும் உண்டு. கல்கத்தா உயர் நீதிமன்ற வழக்கறிஞர் சந்திரிமா தாஸ் அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவில் ரிட் மனு போட்டார். சிவில் கோர்ட்டுக்குப் போகட்டும், ஊழியர்களின் தனிப்பட்ட குற்றத்துக்கு நாங்கள் பொறுப்பா, அவர் இந்தியரே இல்லையே என்றெல்லாம் ரயில்வே வாதாடியது. எதுவும் எடுபடவில்லை. 21ஆம் பிரிவு அந்நியருக்கும் உண்டு என்று சொல்லி, 10 லட்ச ரூபாய் இழப்பீட்டை 2000 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால் அங்கே குற்றவாளிகளில் அரசின் ஊழியர்கள் இருந்தார்கள். தாக்கியவர் முன்பின் தெரியாத ஆள் என்றால், ரிட் மனுவில் நிர்வாகத்தின் அலட்சியத்தை ஆவணத்தோடு காட்டியாக வேண்டும். முந்தைய புகார்கள், பழுதான விளக்குக்கான பராமரிப்புப் பதிவு, அன்றைய பணி ஒதுக்கீடு ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் உடனே கேட்க வேண்டும். கேமரா இருந்தால் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி முதல் வாரத்திலேயே கடிதம் போக வேண்டும். பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிட்டால் எந்த நீதிமன்றமும் அதை மீட்டுத் தர முடியாது.

இதற்கிடையில் ஆஸ்பத்திரிச் செலவு காத்திருக்காது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 396ஆம் பிரிவின்கீழ், குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். இடைக்கால உதவியும் கேட்கலாம். ஒரே சம்பவத்துக்கு இருமுறை இழப்பீடு கோரக் கூடாது என்கிறது ரயில்வே சட்டத்தின் 128ஆம் பிரிவு. எனவே எங்கே எவ்வளவு வாங்கினோம் என்பதை மறைக்காமல் மனுவிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நிலையத்தின் படியிறங்கி எதிரே உள்ள பஸ் நிறுத்தத்துக்குப் போனவர் அங்கே வெட்டப்பட்டால் 124ஏ அவருக்கு உதவாது. தவறை நிரூபிக்காமல் இழப்பீடு தரும் அப்படியொரு ஏற்பாடு பஸ் நிலையங்களுக்கு இல்லை. மெட்ரோவுக்கு 2002ஆம் ஆண்டின் தனிச் சட்டம். சென்னையின் பறக்கும் ரயிலை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பேச்சு நெடுநாளாக நடக்கிறது. இரவானால் ஆள் நடமாட்டமே இல்லாத மேல்தளங்கள் கொண்ட நிலையங்கள் அவை. கட்டடமும் தண்டவாளமும் கைமாறும்போது அங்கு தாக்கப்படுபவருக்கு இன்றுள்ள 124ஏ உரிமை என்னவாகும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதவைக்க வேண்டும். வழக்கறிஞர் சங்கங்கள் அந்தக் கேள்வியைக் கையெழுத்தாவதற்கு முன்பே அரசிடம் எழுத்துமூலம் எழுப்ப வேண்டும்.