சாவியை ஒப்படைக்காத தொண்டு எதற்கு?

வட உகாண்டாவின் குலு நகருக்குப் பக்கத்தில் லாச்சோர் மருத்துவமனை இருக்கிறது. அதன் வளாகத்துக்குள்ளேயே மூன்று கல்லறைகள். ஒன்றில் கனடாவிலிருந்து வந்த அறுவை மருத்துவர் லூசில் டீஸ்டேல். இன்னொன்றில் அவருடைய கணவர், இத்தாலியரான பியரோ கோர்த்தி. மூன்றாவதில் மேத்யூ லுக்வியா என்ற உகாண்டா மருத்துவர். ஆப்பிரிக்கக் கிராமங்களில் கிறிஸ்தவ மிஷன்கள் செய்துவரும் தொண்டு நன்மையா தீமையா என்று வாதிடுகிறவர்கள் முதலில் இந்த மூவரின் கதையைக் கேட்க வேண்டும்.

கொம்போனி என்ற கத்தோலிக்க மிஷன் சபையார் 1959இல் அங்கே ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டு கழித்து அதை வளர்த்தெடுக்கும் பொறுப்போடு கோர்த்தி வந்தார். ஓரிரு மாதம் உதவிவிட்டுப் போகலாம் என்று உடன் வந்தவர் லூசில். அந்த ஓரிரு மாதம் 35 ஆண்டாக நீண்டது. இடி அமின் ஆட்சி கவிழ்ந்த காலத்துப் போரில் காயம்பட்டு வந்தவர்களுக்கு இரவு பகலாக அறுவை சிகிச்சை செய்தபோது அவருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. 1985இல் அது உறுதியானது. அதன் பிறகும் உடம்பு இடம் கொடுத்தவரை வேலையை விடவில்லை. 1996இல் இறந்தார்.

இந்தத் தியாகத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நாம் சொல்ல வருவது அதைவிடப் பெரிய ஒன்று. தங்களுக்குப் பின் மருத்துவமனையை யார் நடத்துவது என்று அந்தத் தம்பதி வந்த காலத்திலிருந்தே யோசித்தார்கள். 1983இல் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்த லுக்வியாவை அடையாளம் கண்டு, மேற்படிப்புக்கு லிவர்பூல் அனுப்பி, திரும்பியதும் நிர்வாகத்தை அவரிடம் கொடுத்தார்கள். அவர் புராட்டஸ்டன்ட், மருத்துவமனையோ கத்தோலிக்க மறைமாவட்டத்துடையது. அது யாருக்கும் தடையாகத் தெரியவில்லை. 1989 புனித வெள்ளியன்று அரசை எதிர்த்துப் போரிட்ட கிளர்ச்சிப் படையினர் மருத்துவமனையில் இருந்தவர்களைக் கடத்திப் போக வந்தபோது, அவர்களை விட்டுவிட்டு என்னைக் கொண்டுபோங்கள் என்று முன்னால் போய் நின்றவர் அவர். ஒரு வாரம் பிடித்து வைத்திருந்துதான் விட்டார்கள்.

2000 அக்டோபரில் லாச்சோரின் செவிலிய மாணவிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். லுக்வியா அப்போது கம்பாலாவில் படித்துக்கொண்டிருந்தார். தகவல் கிடைத்ததும் வந்து சேர்ந்து, இறந்தவர்களின் நோய்க்குறிப்புகளை இரவோடு இரவாகப் புரட்டிப் பார்த்து, இது எபோலாவாக இருக்கலாம் என்று கணித்தார். ரத்த மாதிரி தென்னாப்பிரிக்காவுக்குப் போய் முடிவு திரும்பி வரும் முன்பே தனி வார்டு தயாராகிவிட்டது. நவம்பரில் ஒரு நாள் விடிவதற்குச் சற்று முன், ரத்தம் கக்கிக்கொண்டு கட்டிலைவிட்டு எழுந்துவிட்ட ஆண் செவிலியர் ஒருவரைத் தாங்கிப் பிடிக்க ஓடினார். கையுறை, முகக்கவசம், மேலங்கி எல்லாம் போட்டவர் கண்ணைக் காக்கும் கண்ணாடியை மட்டும் போடவில்லை. டிசம்பர் 5ஆம் தேதி இறந்தார். அந்தக் கொள்ளைநோயில் 425 பேருக்குத் தொற்று. 224 பேர் மாண்டார்கள். லாச்சோரின் பணியாளர்கள் மட்டுமே பத்துப் பேருக்கு மேல். லூசிலின் கல்லறைக்குப் பக்கத்திலேயே லுக்வியாவையும் அடக்கம் செய்தார்கள். மூன்று ஆண்டு கழித்துக் கோர்த்தியும் அங்கே வந்து சேர்ந்தார்.

வாரிசையே பறிகொடுத்த பிறகும் அந்த மருத்துவமனை மூடப்படவில்லை. இன்று சுமார் 480 படுக்கைகளோடு நடக்கிறது. செவிலியர் பள்ளி இருக்கிறது. பணியாளர்கள் ஏறத்தாழ அனைவரும் உகாண்டா மக்கள். தொண்டு என்றால் இதுதான் என்று நாம் சொல்கிறோம். வந்தவர் தங்கினார், கற்றுக்கொடுத்தார், சாவியை உள்ளூர்க்காரர் கையில் கொடுத்தார்.

அதே உகாண்டாவில் ஜிஞ்ஜா என்ற இன்னொரு ஊர் உண்டு. அமெரிக்காவிலிருந்து பதினெட்டு, பத்தொன்பது வயதில் வந்த ஒரு பெண், கடவுள் தன்னை அழைத்ததாகச் சொல்லி, கடும் ஊட்டச்சத்துக் குறைவால் வாடும் குழந்தைகளுக்காக அங்கே ஒரு மையம் நடத்தினார். அவருக்கு மருத்துவப் படிப்பு கிடையாது. 2010க்கும் 2015க்கும் இடையே அந்த மையத்தில் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019இல் தாய்மார்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தான் மருத்துவராக நடிக்கவில்லை, உள்ளூர் மருத்துவர்களும் செவிலியர்களும்தான் சிகிச்சை தந்தார்கள் என்பது அவர் தரப்பு. 2020இல் தவற்றை ஒப்புக்கொள்ளாமலேயே இழப்பீடு கொடுத்து வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது.

அந்தப் பெண்ணின் மனம் நல்ல மனமாகவே இருந்திருக்கட்டும். எலும்பும் தோலுமாக வரும் குழந்தைக்கு நல்ல மனம் போதாது. அந்த உடம்பில் இதயமும் சிறுநீரகமும் பலவீனப்பட்டுப் போயிருக்கும். மற்றக் குழந்தைக்கு ஏற்றுவதுபோல் நரம்பில் வேகமாகத் திரவம் ஏற்றினால் இதயம் தாங்காது. பசிக்கிறதே என்று வயிறு நிறைய ஊட்டினாலும் ஆபத்துதான். முதல் சில நாட்களுக்குச் சத்து குறைவான பாலை அளந்து அளந்துதான் கொடுக்க வேண்டும். பயிற்சி பெற்ற செவிலியருக்கு இது பாலபாடம். இணையத்தைப் பார்த்துச் செய்கிற காரியம் இல்லை. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ தகுதியில்லாத ஒருவரை வார்டுக்குள் விடுவார்களா? விடமாட்டார்கள். அங்கே விடாததை ஆப்பிரிக்கக் கிராமத்தில் மட்டும் தொண்டு என்ற பெயரில் அனுமதிப்பது, அந்தக் குழந்தைகளின் உயிரைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

அநாதை இல்லங்களின் கதையும் இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியதே. உலகெங்கும் இத்தகைய இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்பது பலகாலமாகத் தெரிந்த செய்தி. பள்ளிக்கூடம் போகும், மூன்று வேளை சாப்பாடு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பெற்றவர்கள் கொண்டுவந்து விடுகிறார்கள். வெளிநாட்டுத் தேவாலயங்களிலிருந்து இரண்டு வாரப் பயணமாக இளைஞர் கூட்டம் வந்து, சுவருக்கு வண்ணம் அடித்து, குழந்தைகளைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறது. அடுத்த மாதம் வேறொரு கூட்டம். பாசம் வைத்தவர்கள் எல்லாம் பதினான்கு நாளில் போய்விடுகிறார்கள் என்பதைத்தான் அந்தக் குழந்தை கற்றுக்கொள்கிறது. படுக்கை காலியாக இருந்தால் பணம் வராது. ஆகவே படுக்கையை நிரப்பக் குழந்தை தேட வேண்டியிருக்கிறது. இந்தச் சந்தையின் நுனி எங்கே போய் முடிந்தது என்பதற்கு ஒரு சான்று: உகாண்டாக் குழந்தைகளை அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தத்துக்கொடுத்ததில் நடந்த மோசடிக்காக, நீதிபதிகள் இருவர் உட்பட நான்கு உகாண்டாக்காரர்கள் மீது 2020 ஆகஸ்டில் அமெரிக்க அரசே தடை விதித்தது. படிக்க வைக்கிறோம், பிறகு திரும்பி வந்துவிடுவான் என்று சொல்லித்தான் கிராமத்துப் பெற்றோரிடமிருந்து குழந்தைகளை வாங்கியிருந்தார்கள்.

இத்தனைக்கும், கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைகளில் பெரும்பாலோரை இப்போது வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியும். நிலக்கடலை விழுதும் பால்பவுடரும் எண்ணெயும் சர்க்கரையும் சத்துக்கலவையும் சேர்த்துப் பொட்டலமாக வரும் உணவை, வாரத்துக்கு ஒருமுறை சுகாதார நிலையத்தில் எடை பார்த்துக் கொடுத்தால் போதும். தாயே ஊட்டிக்கொள்வாள். இந்த முறையை 2007இலேயே உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஏற்றுக்கொண்டன. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துக் கட்டடத்துக்குள் வைக்கும் தொண்டுக்கு இன்று மருத்துவ நியாயமும் இல்லை, மனித நியாயமும் இல்லை. அத்தகைய இல்லங்களுக்குப் போகும் பணம் நிறுத்தப்பட்டு அந்தந்தக் குடும்பங்களுக்குத் திருப்பிவிடப்பட வேண்டும்.

இனி, நம் ஊரோடு தொடர்புள்ள ஒரு பொருளைப் பற்றி. தமிழ்நாட்டில் தெருமுனைகளில் நாம் பார்த்து வளர்ந்த அடிபம்புதான் உகாண்டாக் கிராமங்களிலும் நிற்கிறது. அங்கே அதற்கு ‘யூ2’ என்று பெயர். மூலம் நம்முடைய ‘இந்தியா மார்க் 2’. மகாராஷ்டிரத்தில் வறட்சி வாட்டிய காலத்தில் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் மிஷன்காரர்கள், அடிக்கடி உடைந்துகொண்டிருந்த வார்ப்பிரும்புப் பம்புகளுக்கு மாற்றாக உருவாக்கியதுதான் இதன் முன்னோடி. அதை எடுத்துத் திருத்தி, யுனிசெஃப் துணையோடு 1970களின் இறுதியில் பெருமளவில் தயாரித்தது சென்னையிலிருந்த ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் என்ற பொதுத்துறை நிறுவனம். 1980களில் கோவை வட்டாரத்துக் கிராமங்களில் சோதித்து மேலும் சீர்செய்தார்கள். காப்புரிமை என்று யாரும் பூட்டிப் போடவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டார்கள். மிஷன் தொண்டு உலகத்துக்குத் தந்த ஆகச் சிறந்த பொருள்களில் ஒன்று இந்த அடிபம்பு என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் எந்த நேரத்தில் கணக்கெடுத்தாலும் சுமார் நான்கில் ஒரு அடிபம்பு ஓடாமல் கிடக்கிறது. காரணம் பெரும்பாலும் சின்னதுதான். வாஷர் தேய்ந்திருக்கும், சங்கிலி அறுந்திருக்கும். சில இடங்களில் நிலத்தடி நீரின் அமிலத்தன்மையால் உள்ளே இறக்கிய ஜி.ஐ. பைப் அரித்து, தண்ணீர் செம்மண் கரைத்ததுபோல் வரும். துணி கறைபடும், பருப்பு வேகாது, பெண்கள் பழைய குட்டைக்கே திரும்பிவிடுவார்கள். பம்பு நட்ட அறக்கட்டளையின் பெயர்ப்பலகை மட்டும் அப்படியே இருக்கும். புதுப் பம்பு நடுவதற்கு நன்கொடை கேட்டால் கொட்டுகிறது. மாற்று வாஷருக்கும் மெக்கானிக்கின் கூலிக்கும் கேட்டால் யாரும் அசைவதில்லை. உகாண்டாவில் மாவட்டந்தோறும் பம்பு மெக்கானிக்குகள் சங்கம் வைத்திருக்கிறார்கள். அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் கடல் கடந்து வந்து துளை போட்டுவிட்டுப் போவது எந்த வகை உதவி?

மிஷன் என்றாலே மதமாற்றம்தானே என்ற கேள்வி நம் வாசகர்களில் பலருக்கு வரும். சோற்றையும் மருந்தையும் காட்டி ஞானஸ்நானம் கேட்பவரை எந்த மதத்தவராக இருந்தாலும் கண்டிக்க வேண்டும். இதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்தக் கேள்வி இன்றைய உகாண்டாவுக்குப் பொருந்தவில்லை. மக்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். நிர்வாகத்தில் திருச்சபை அங்கே எப்போதோ ஆப்பிரிக்கர் கைக்குப் போய்விட்டது. 1939இலேயே மசாக்காவின் ஆயராக ஜோசப் கிவானுக்கா நியமிக்கப்பட்டார். காலனி ஆட்சி உச்சத்தில் இருந்தபோது ஒரு பகுதியை முழுக்க ஆப்பிரிக்கக் குருக்களிடமே விட்டது ரோமாபுரி. பீடத்தில் செய்ய முடிந்த ஒப்படைப்பை நன்கொடைக் கணக்கில் மட்டும் எண்பது ஆண்டு கழித்தும் ஏன் செய்ய முடியவில்லை? எந்த ஊருக்கு என்ன தேவை என்பதை இன்னமும் டெக்சாஸிலோ மிலானிலோ ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்கிறதே, அதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

வெளியார் பணத்தை மட்டுமே நம்பினால் என்ன ஆகும் என்பதை 2025 காட்டிவிட்டது. அந்த ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை ஒரே கையெழுத்தில் நிறுத்தி வைத்தது. ஜூலை 1ஆம் தேதியோடு, அந்த உதவியை வழங்கிவந்த யுஎஸ்எய்டு என்ற அமைப்பின் பணியே நின்றுபோனது. எச்.ஐ.வி. மருந்து வழங்கும் பணியில் 2003 முதல் அமெரிக்கப் பணத்தை நம்பியிருந்த மருத்துவமனைகளில் தேவாலயங்களுடையவையும் ஏராளம். ஆகவே இதில் முதல் கடமை ஆப்பிரிக்க அரசுகளுக்கே. மலாவியில் கிராமப்புற மருத்துவத்தின் பெரும் பங்கு திருச்சபை மருத்துவமனைகளிடம் இருக்கிறது. அவற்றின் பணியாளர்களுக்கு அரசே சம்பளம் தருகிறது. ஒப்பந்தம் போட்ட இடங்களில் பிரசவத்துக்கு ஏழைப் பெண்ணிடம் காசு வாங்காமல் அரசு அந்தச் செலவை ஏற்கிறது. பணம் தாமதமாக வருகிறது என்ற புகார் உண்டு. அதைச் சரிசெய்ய வேண்டும். வழி அதுதான். உகாண்டாவும் சில்லறை மானியத்தோடு நிறுத்தாமல் அந்த அளவுக்கு வர வேண்டும். உரிமம் இல்லாமல் நோயாளியைத் தொடும் வெளிநாட்டவரை, அவர் எந்தச் சபையின் கடிதத்தோடு வந்தாலும், விமான நிலையத்துக்கே திருப்பி அனுப்பும் துணிவும் அதற்கு வேண்டும்.

நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன குருக்களும் கன்னியர்களும் ஆப்பிரிக்கக் கிராமங்களில் பள்ளியும் மருந்தகமும் நடத்துகிறார்கள். ஒவ்வோர் அக்டோபரிலும் மறைபரப்பு ஞாயிறன்று நம் பங்குத் தேவாலயங்களில் காணிக்கை எடுக்கிறார்கள். மற்ற நாட்களில், ஒட்டிய வயிற்றோடு நிற்கும் ஒரு குழந்தையின் படம் கைபேசியில் வந்து பணம் கேட்கிறது. அந்தக் குழந்தையின் தாயிடம் படம் எடுக்க அனுமதி கேட்டார்களா என்று முதலில் கேளுங்கள். அங்கே வேலை செய்யும் உள்ளூர் செவிலியர் யார், பத்து ஆண்டு கழித்து இதை நடத்தப் போவது யார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். லாச்சோரில் இன்று அறுவைக் கத்தி பிடிப்பவரும் கணக்கு எழுதுபவரும் இரவு வார்டில் விழித்திருப்பவரும் அந்த மண்ணின் மக்கள். அவர்களைப் போன்றவர்களின் மாதச் சம்பளத்துக்குக் கொடுங்கள்.