சேர்வராயன் மலையில் ஒரு பகல்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் இல்லங்களில் எழும் முதற்கேள்வி, "இவ்வாண்டு எங்கே செல்வது?" என்பதுதான். ஊட்டியும் கொடைக்கானலும் தங்கும் செலவைக் கேட்கும். விடியலில் புறப்பட்டு இரவுக்குள் இல்லம் திரும்ப விரும்பும் குடும்பத்தினருக்கு, சேலத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் ஏற்காடு இருக்கிறது.

ஆனால் அங்கே செல்வோரில் பலர் காண்பது ஏரியை மட்டுமே. படகில் ஒரு சுற்று, கடைத்தெருவில் சூடான பஜ்ஜி, 'லேடீஸ் சீட்'டில் நின்று சேலம் நகரை ஒரு பார்வை; அத்துடன் இறங்கிவிடுகின்றனர். மலையை மலையாகக் காண வேண்டுமாயின், ஏரிக்கரையில் தொடங்கி ஏரிக்கரையிலேயே முடியும் 32 கிலோமீட்டர் சுற்றுச்சாலையில் நிதானமாகச் செல்லுங்கள்.

வழியில் தென்படும் கரிய பாறைகளைக் கண்டு, "இது எரிமலையா?" என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். அன்று. எரிமலைக் குழம்பு நிலத்தின்மேல் உறைந்து உண்டான பாறையல்ல இது. பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகிப் பின்னர் மேலெழுந்தது. சார்னோக்கைட் என்பது இதன் பெயர். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். சென்னையை அடுத்த பல்லாவரத்துக் குன்றுகளும் இவ்வினமே. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறைக்கல் இப்பாறையால் ஆனது. அவர் பெயரே பாறைக்கும் வாய்த்தது. படைப்பின் பழமையைப் பிள்ளைகளுக்கு எடுத்துச்சொல்ல இதைவிட நல்ல பாடம் ஏது?

சாலையின் இருபுறமும் காப்பித் தோட்டங்கள். 1820-ஆம் ஆண்டுவாக்கில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். கோடை மழை பெய்த சில நாட்களில் காப்பிச்செடி வெண்மலர் பூத்து மல்லிகைபோல் மணக்கும். ஆண்டிறுதியில் பழம் சிவக்கும். அழகாயிருக்கிறதென்று அதைப் பறித்துவிடாதீர்கள். ஒவ்வொரு பழமும் ஒருவரின் உழைப்பு.

காப்பி வருமுன்னரே இம்மலையில் வாழ்ந்தவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கொண்டு கேரளத்தவர் என எண்ணிவிடாதீர்கள். இவர்கள் பேசுவது தமிழே. 5,326 அடி உயரத்தில், பரந்த புல்வெளியை ஒட்டிய குகையில் இவர்களுடைய சேர்வராயன் கோயில் உள்ளது. அக்குகை காவிரிவரை நீள்கிறதென்பது அவர்களின் நம்பிக்கை. மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுக் கிராமங்களின் மக்கள் அங்கே திரளுவர். மலைக்காட்சியைக் காண அவ்வெளிக்குச் செல்வோர், பிறர் போற்றும் இடம் என்ற மரியாதையுடன் நடந்துகொள்வது நம் பண்பாடு.

வாசக நேயர்களே, இங்கே ஒன்றை எண்ணிப் பாருங்கள். நம் வீட்டு வாசலில் முன்பின் அறியாதவர் வண்டியை நிறுத்தி, நம் பெண்களைக் கேளாமல் படமெடுத்தால் நமக்கு எப்படியிருக்கும்? உண்ட எச்சிலைத் திண்ணையில் போட்டுச் சென்றால் பொறுப்போமா? விறகு சுமந்து வரும் மலைப்பெண்ணுக்கும் அதே மானம் உண்டு. நமக்குச் சுற்றுலாத்தலம், அவர்களுக்கு அது வீடு. விருந்தினராய்ச் செல்வோர் விருந்தினராகவே நடக்க வேண்டும்.

பயணத்திற்குச் சில குறிப்புகள்: சேலத்திலிருந்து ஏறும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். இறங்குகையில் பிரேக்கை மட்டும் நம்பாமல், தாழ்ந்த கியரிலேயே வாருங்கள். மூடுபனி சூழுமுன், மாலை வெளிச்சத்திலேயே இறங்கிவிடுவது நலம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 முதல் தமிழகத்தில் தடை உள்ளது. வீட்டுப் பாத்திரங்களையே எடுத்துச் செல்லுங்கள். தொழுகை விரிப்பும் உளூவுக்கு ஒரு குடம் தண்ணீரும் இருந்தால் லுஹர் தவறாது.

இன்னுமொன்று. நள்ளிரவில் எழுந்து பிரியாணி சமைத்த தாய், வண்டியில் உறங்கியே மலையைக் கடந்துவிடுகிறார். அன்றைய உணவு எளிதாயிருக்கட்டும். சன்னலோர இருக்கை அவருக்கே கிடைக்கட்டும். ஆண்டு முழுவதும் அடுக்களையைப் பார்த்த கண்கள் ஒரு பகலாவது மலையைப் பார்க்கட்டும்!